‘மகாகவி’ வழக்கும் அதன் அளவுகோலும்

பாரதியார் மறைந்தது 1921இல். அவர் மகாகவியா அல்லரா என்னும் வழக்கு, ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1935-36இல் தமிழ் எழுத்தாளரிடையே மூண்டது. வ. ரா. அவரை உலகப் பெருங்கவிஞரினும் உயர்த்திப் பேச, கல்கி அதனை மறுத்தார். பாரதியார் சிறந்த தேசியக் கவி. மகாகவி அல்லர் என்பது கல்கியின் முடிபு. கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் அதற்கு எதிர்வாதம் எழுதினர். அவர்தம் கட்டுரைகள் 1937இல் ‘கண்ணன் என் கவி’ என்னும் நூலாயின. இவ்வழக்கின் சமுதாயப் பின்புலத்தைக் கா. சிவத்தம்பியும் அ. மார்க்ஸும் 1984இல் ஆராய்ந்துள்ளனர். அதனை ஈண்டு மீட்டும் கூறவேண்டுவதில்லை. யாம் காண விழைவது, மகாகவி என்னும் சொல்லுக்கு அளவுகோல் யாது என்பதே.

தமிழ் கற்றார் உள்ளத்தில் அச்சொல் காப்பியத்தோடு பிணைந்து கிடக்கிறது. தண்டியலங்காரம் பெருங்காப்பியத்திற்கு இலக்கணம் கூறும். நாற்பொருள் பயத்தலும், தன்னிகரில்லாத் தலைவனை உடைத்தாதலும், மலை, கடல், நாடு, நகர், பருவம் முதலியவற்றைப் புனைதலும் அதன்கண் அடங்கும். ஆயின் அஃது நூலுக்குரிய இலக்கணமேயன்றிப் பாடினோனுக்கு உரியதன்று. அவ்விலக்கணம் முற்றும் பொருந்தியும் படிப்பாரற்றுக் கிடக்கும் காப்பியங்கள் நம்மிடையே பல உள. கவிஞனையே நோக்கி இச்சொல்லை ஆண்டவர் ஒன்பதாம் நூற்றாண்டினராகிய ஆனந்தவர்த்தனர். சொல்லின் நேர்பொருளைக் கடந்து குறிப்புப்பொருள் சுடர்விடப் பாடுவோனே அவர் கருத்தில் மகாகவி. காளிதாசன் முதலாக இருவர் மூவர், மிகுந்தால் ஐவர் அறுவரே அப்பெயர்க்கு உரியர் என்று அவர் எண்ணிக்கையைச் சுருக்குகிறார். அத்துணைக் கடுமையுடைய அவரே, அமருகன் பாடிய தனிச்செய்யுள் ஒவ்வொன்றும் ஒரு முழுநூலுக்கு நிகராகும் என்றும் உரைக்கிறார். எனவே நீளம் அளவாகாது என்பது வடநூலார்க்கும் உடன்பாடே.

கல்கி ‘தேசியக் கவி’ எனப் பிரித்தமையின் உட்கிடை வேறு. ஒரு நாட்டின் ஒரு காலத்துத் தேவையிற் பிறந்த பாட்டு, அத்தேவை நீங்கியபின் நிற்குமா என்ற ஐயம் அதனுள் உண்டு. அவர்தம் முடிபு எமக்கு உடன்பாடன்று. ஆயினும் அவ்வினா நேர்மையானது. அதற்கு விடை பாட்டினுள் தேடப்படல் வேண்டும். நடந்ததோ பிறிதொன்று. கல்கியே முன்னின்று பொருள் திரட்ட, எட்டயபுரத்தில் 1945இல் மணிமண்டபத்திற்குக் கால்கோள் நிகழ்ந்து, 1947இல் அது திறக்கப்பட்டது. 1949இல் சென்னை அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையை ஏற்றது. வழக்கு முடிந்ததென யாவரும் கருதினர். கல்லும் சுண்ணாம்பும் நாட்டினரின் நன்றிக்குச் சான்றாகலாம். கவித்திறத்திற்குச் சான்றாதல் எங்ஙனம்? இன்று ஆய்வேடு எழுதும் மாணவர் அப்பட்டத்தைப் பெயரின் முன்னொட்டாகவே எழுதிச் செல்கின்றனர். ஏன் எனக் கேட்பின் விழிக்கின்றனர்!

பாஞ்சாலி சபதத்தில் ஓரிடம் இவ்வழக்கை நன்கு விளக்கும். அத்தினாபுரம் செல்லும் வழியில் பார்த்தன் பாஞ்சாலிக்கு மாலைக் கதிரவனின் கோலத்தைக் காட்டுகிறான். காப்பிய மரபில் வந்த புனைவே அது. எனினும் நொடிதோறும் மாறும் வண்ணத்தை நொடிதோறும் பின்தொடரும் அக்கண் புதியது. இங்குக் கல்கியின் ஐயத்திற்கு இடமில்லை. சூதாட்டச் சருக்கத்திலோ, தருமன் நாட்டைப் பணயமாக வைத்தவுடன், கவிஞர் கதையை நிறுத்தித் தம் குரலிலேயே அவனை வைகின்றார். கம்பனாயின் அச்சினத்தை ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்திருப்பான். அடிமைப்பட்ட நாட்டினர் ஒருவரின் குமுறல் காப்பியக் கட்டினை உடைத்துக்கொண்டு வருகிறது. இதனைக் குறை என்பார் கல்கியின் பக்கம் நிற்பர். விடுதலை பெற்ற நாட்டில், அந்நாள் அரசியலை அறியாத மாணவர்க்கு அப்பகுதியைப் பலமுறை வகுப்பிற் படித்துக்காட்டியுள்ளேம். அவர்கள் தருமனைத்தான் வெறுத்தனர், ஆங்கிலேயரை நினைத்தாரில்லை.