பாரிஸும் ஒரு பூனையும்

குடும்பத்தோடு பாரிஸுக்குப் போவதென்று தீர்மானமானதும், வழிகாட்டி நூல்களை ஒதுக்கிவிட்டு, பிராகில் பிறந்த மிரோஸ்லாவ் சாசெக் 1959-ல் தாமே எழுதிச் சித்திரமும் வரைந்த 'இதுதான் பாரிஸ்' என்ற குழந்தைப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டேன். ஊர் சுற்ற வரும் பெற்றோர் கட்டிடங்களைப் பார்க்கிற மும்முரத்தில் குழந்தைகளை மறந்துவிடுவதைக் கண்டுதான் இதை எழுதினாராம். ஈபல் கோபுரத்துக்கும் பூனைக்கும் அவரிடம் ஒரே மரியாதை. இது லேசான காரியம் அல்ல.

ஆனால் அவருடைய பாரிஸில் யாருக்கும் கால் வலிப்பதில்லை; ஏட்டைப் புரட்டினால் அடுத்த இடம் வந்துவிடுகிறது. 6 வயதுக்கும் 16 வயதுக்கும் ஒரே புஸ்தகம் போதும். ஒரே நாள் திட்டம் போதாது. லூவ்ரில் என் பெண்ணுக்கு அரை நாள் போதவில்லை. பையனோ அரை மணியில் தரையில் உட்கார்ந்துவிட்டான். மறுநாள் லக்ஸம்பர்க் தோட்டக் குளத்தில், வாடகைக்கு எடுத்த பாய்மரப் பொம்மைப் படகைக் கழியால் தள்ளிக்கொண்டு அவன் மெய்மறந்து நின்றான். "போதும், வாடா, இன்னும் நாலு இடம் பாக்கி" என்று இழுத்துக்கொண்டு போனவன் நான்தான்.

அந்த நாலு இடங்களில் ஒன்றும் அவனுக்கு ஞாபகமில்லை. படகு இருக்கிறது; நான் இழுத்ததும் இருக்கிறது. சாசெக் பூனையை வரைந்து சொல்லித்தான் இருந்தார். படித்தவனுக்குத்தான் உறைக்கவில்லை.