பழைய சி.டி.யில் சூரியன்

பி.ஏ. வரலாறு படிக்கிறேன். பத்தாம் வகுப்போடு அறிவியலுக்குக் கும்பிடு போட்டவள், இந்தப் பருவத்தில் நான்-மேஜர் எலெக்டிவாக இயற்பியலை எடுத்தேன். இப்போது வீட்டில், பஸ்ஸில், விடுதியில் எங்கே போனாலும் எனக்கு அதே பேச்சுதான்!

காலி அட்டைப்பெட்டி, இரண்டு பிளேடு, பழைய சி.டி., கறுப்பு டேப். வகுப்பில் நாங்கள் செய்த கருவிக்குச் சாமான் இவ்வளவே. பெட்டியின் ஒரு பக்கத்தில் பிளேடுகளின் கூர்விளிம்புகளை மயிரிழை இடைவெளி விட்டு எதிரெதிரே ஒட்டினோம். எதிர்ப்பக்கம் சி.டி.யைச் சாய்த்துச் செருகி, அதற்கு மேலே கண் வைக்க ஒரு துளை. நிறமாலைகாட்டி தயார். சி.டி.யில் ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 625 தடங்கள் இருக்கின்றன. ஒளியை நிறம் நிறமாகப் பிரிப்பது அவைதான்.

வகுப்பறை டியூப் லைட்டைப் பார்த்தேன். அடடா! வெள்ளை வெளிச்சம் என்று நம்பியிருந்தது தனித்தனிக் கோடுகளாக நின்றது. அதில் பளிச்சென்ற நீலக் கோடு குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவியுடையது. எல்.இ.டி. பல்பைப் பார்த்தால் கோடுகளே இல்லை, நிறங்கள் ஒன்றோடொன்று இழைந்து ஓடின. பேராசிரியை அடுப்புச் சுடரில் சமையல் உப்பைத் தூவினார். சோடியத்தின் மஞ்சள் கோடு குபீரென்று எழுந்தது. எங்கள் பி.காம். தோழிகள் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

அடுத்து பகல் வானம். வானவில் பட்டைக்குக் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள்! 1814இல் இயற்பியலாளர் ஃபிரான்ஹோஃபர் வரைபடமாக்கிய அதே கோடுகள். சூரியனின் மேலடுக்கு வாயுக்கள் விழுங்கிய ஒளியின் தடயம் அது. பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் என்ன வாயு இருக்கிறது என்பதை அட்டைப்பெட்டி சொல்கிறது.

வரலாற்று மாணவியான எனக்குப் புல்லரித்தது இதற்கடுத்த கதையில்தான். 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சன், இருவரும் இதே வகைக் கருவியோடு காத்திருந்தார்கள். அவ்வாண்டு சூரிய ஒளியில் கண்ட ஒரு மஞ்சள் கோடு சோடியத்துடையது அல்ல, ஹீலியத்துடையது! பூமியில் அதை வேதியியலாளர் ராம்சே கண்டெடுத்ததோ 1895இல்தான். நம் பக்கத்து மண்ணில் நடந்த இந்தக் கதையை எந்த வரலாற்று வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

கலை, வணிகவியல் படிக்கிறவர்களே, அடுத்த பருவம் எலெக்டிவ் கேட்கும்போது யோசிக்காமல் இயற்பியல் என்று எழுதிக் கொடுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய சி.டி.யைத் தூக்கி எறியாதீர்கள். கருவியைச் சூரியனுக்கு நேராக மட்டும் திருப்பவே கூடாது, கண் போய்விடும். வெளுத்த மேகத்தைப் பாருங்கள், போதும்.