நல்லதென்று தெரிந்த இன்னொன்று

சினிமாவுக்கு விமர்சனம் உண்டு. நாவலுக்கு உண்டு. ஏன், ஓட்டல் சாம்பாருக்கே உண்டு. கார் மெக்கானிக்குகளுக்கென்று கம்பெனிக்காரர்கள் எழுதும் சர்வீஸ் மேனுவலுக்கு மட்டும் யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. எழுதியிருந்தால் எனக்கு இரண்டு வார அலைச்சல் மிஞ்சியிருக்கும்.

என் பழைய கார் திடீரென்று நாலு சிலிண்டரில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு இருமத் தொடங்கியது. சர்வீஸ் சென்டரில் (பெயர் வேண்டாம்) ஸ்கேனரைச் செருகினார்கள். திரையில் பி0201. “ஈ.சி.யூ. போயிடுச்சு சார், புதுசுதான் போடணும்” என்றார்கள். ஈ.சி.யூ. என்பது எப்போது, எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று என்ஜினுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் கம்ப்யூட்டர். அவர்கள் சொன்ன விலைக்கு ஒரு நல்ல செகண்ட்ஹேண்ட் ஸ்கூட்டர் வாங்கலாம்.

வயிற்றெரிச்சலில் அந்த மாடலின் மேனுவலைக் கடன் வாங்கிப் படித்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல துப்பறியும் கதை. பி0201 என்றால் ‘முதல் சிலிண்டரின் இன்ஜெக்டர் சர்க்யூட்டில் கோளாறு’, அவ்வளவுதான். சர்க்யூட் என்றால் இன்ஜெக்டர், வயர், கனெக்டர், ஈ.சி.யூ.வுக்குள் அதை இயக்கும் டிரான்சிஸ்டர் எல்லாமே சேர்த்தி. மேனுவல் ஒவ்வொருவராக விசாரித்து விடுதலை செய்துகொண்டே போகிறது. கடைசிப் பக்கத்தில் ஈ.சி.யூ. மட்டும் மிச்சம். அங்கே ஆசிரியருக்குக் கை வலித்துவிட்டது போல. ‘நல்லதென்று தெரிந்த இன்னொரு ஈ.சி.யூ.வை மாட்டிப் பார்க்கவும். சரியானால் பழையதை மாற்றவும்.’ முற்றும்.

இந்த வாக்கியம் பல கம்பெனி மேனுவல்களில் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் இருக்கிறது. என் புகார் இதன்மேல்தான். ‘நல்லதென்று தெரிந்த இன்னொன்று’ தெருமுனை மெக்கானிக்கிடம் எப்படி இருக்கும்? இருந்தாலும், இம்மொபிலைசர் வைத்த கார்களில் சாவியும் ஈ.சி.யூ.வும் ஜோடி சேர்ந்தவை. இன்னொரு காரிலிருந்து கழற்றி மாட்டினால் பெரும்பாலும் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. இன்னொரு விஷயம். உள்ளே டிரான்சிஸ்டர் எரிந்ததற்குக் காரணம் வெளியே ஷார்ட் ஆன ஒரு காயில் என்றால்? மாட்டிப் பார்க்கும் நல்ல ஈ.சி.யூ.வும் கெட்டதென்று தெரிந்த ஈ.சி.யூ. ஆகிவிடும்.

பெட்டிக்குள் இருப்பது பரம ரகசியமும் இல்லை. எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே திரவம், மேலே அலுமினியச் சட்டை. 105 டிகிரி வெப்பத்தில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று போட்டிருந்தால், பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் இரண்டு மடங்காகும் என்பது உத்தேசக் கணக்கு. 65 டிகிரியில் 32,000 மணி. ஆனால் வயதானால் கசியும். 1990-களின் தொடக்கத்தில் வந்த மிட்சுபிஷி எக்லிப்ஸ் இதற்கு அமெரிக்காவில் பேர்போனது. கசிந்த திரவம் போர்டின் செம்புக் கோடுகளையே அரித்துவிடும். மூடியைத் திறந்தால் மீன் நாற்றம். மூக்கே போதும், ஸ்கேனர் வேண்டாம்.

2010 ஆகஸ்டில் டொயோட்டா 2005 முதல் 2008 வரையிலான கொரோலா, மேட்ரிக்ஸ் கார்கள் சுமார் 11 லட்சத்தை அமெரிக்காவிலும் கனடாவிலும் திரும்ப அழைத்தது. என்ஜின் கம்ப்யூட்டரின் போர்டில் சில சால்டர் இணைப்புகளிலோ, வேரிஸ்டர் என்ற சின்னப் பாகத்திலோ விரிசல் விழலாம், ஓடும்போதே என்ஜின் நின்றுபோகலாம் என்றது. ரீகால் என்றால் சால்டர் புள்ளி வரைக்கும் விவரம் வருகிறது. மெக்கானிக்குக்கு எழுதும்போது மட்டும் அது ஏன் திறக்கக் கூடாத பெட்டி?

கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பல அடுக்கு போர்டு, மேலே பூச்சு; கைநடுங்கி ஒருவர் சால்டர் வைத்து, நடுரோட்டில் என்ஜின் நின்றால் யார் பொறுப்பு? சரி, எல்லோரும் திறக்க வேண்டாம். திறக்கத் தெரிந்தவருக்காவது நாலு வரி எழுதலாமே.

தெரிந்தவர் ஒருவர் ரிச்சி தெருப் பக்கம் அகப்பட்டார். ஈ.சி.யூ.வைத் திறந்து லென்ஸ் வழியாகப் பார்த்தார். உப்பல் இல்லை, கருகல் இல்லை, சால்டரைச் சுற்றி மோதிர விரிசல் இல்லை. “சர்க்யூட் டயகிராம் வேண்டாமா?” என்றேன்.

“எதுக்கு சார்? நாலு இன்ஜெக்டர், நாலு டிரான்சிஸ்டர், நாலும் அண்ணன் தம்பி. மூணு நல்லாருக்குன்னு வண்டியே சொல்லுது. அதுங்களோட ஒண்ணாம் நம்பரை ஒப்பிட்டுப் பார்த்தா போச்சு.”

மேனுவலின் அந்தக் கடைசி வரியேதான்! ஆனால் நல்லதென்று தெரிந்த இன்னொன்றை அவர் எங்கேயும் போய்த் தேடவில்லை. அதே போர்டில் மூன்று இருந்தன. மல்டிமீட்டரை டயோடு டெஸ்டில் வைத்து நாலையும் தொட்டார். நாலும் ஒரே எண்.

“இது நல்லாருக்கு சார். வண்டிக்குப் போவோம்.”

இன்ஜெக்டர் 14 ஓம், சரி. கனெக்டரை உருவினார். ஒரு பின்னில் பச்சையாகக் களிம்பு. எப்போதோ மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. சுரண்டி, ஸ்ப்ரே அடித்து மாட்டியதும் நாலு சிலிண்டரும் பேச ஆரம்பித்தன. வீட்டுக்கு வந்து மேனுவலைப் புரட்டினேன். கனெக்டரைக் கழற்றிக் களிம்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, இரண்டாவது படியிலேயே போட்டிருந்தது.