சிட்டுக்குருவிக்குச் சாட்சி யார்?

திருவல்லிக்கேணியின் பழைய ஓட்டு வீடுகளில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சுவரில் மாட்டிய படத்துக்குப் பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டிய கதையைச் சொல்வார்கள். ‘இப்போது எங்கே?’ என்றும் கேட்பார்கள். 2020-ல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கையோ, நாடு முழுவதையும் பார்த்தால் சிட்டுக்குருவி கடந்த 25 ஆண்டுகளில் ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்றது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மட்டும் படிப்படியாகக் குறைந்து வருவதாகக் கூறியது. இதில் யார் சொல்வது சரி?

விடை காண, இத்தகைய அறிக்கை உருவாகும் விதத்தை அறிய வேண்டும். 2023-ல் வந்த அடுத்த அறிக்கை 942 பறவை இனங்களை ஆராய்ந்தது. 30,000-க்கும் மேற்பட்டோர் தந்த சுமார் 3 கோடி குறிப்புகளே அதற்கு ஆதாரம். அவர்களில் பெரும்பாலோர் உங்களையும் என்னையும் போன்ற சாதாரண மக்கள். கண்டதையும் கேட்டதையும் கைப்பேசி வழியாக ‘இ-பேர்ட்’ என்ற தளத்தில் பதிபவர்கள்.

நூறு பட்டியல்களில் எத்தனையில் சிட்டுக்குருவி இடம் பெற்றது? இந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா, இறங்குகிறதா என்றே பார்க்கிறார்கள். ஆகவே பார்ப்போர் தொகை பெருகினாலும் ஒப்பிட முடிகிறது. ஆனால் காகத்தையும் மாடப்புறாவையும் விடாமல் எழுத வேண்டும். அரிய பறவையை மட்டும் எழுதினால் கணக்கு கெட்டுவிடும்.

முறை நல்லதே. போதிய குறிப்புள்ள 338 இனங்களுக்கு மட்டுமே 2023 அறிக்கை நீண்டகாலப் போக்கைக் கூறுகிறது. அவற்றில் 60 சதவீதம் குறைந்துள்ளன. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாத இந்த அடக்கம் பாராட்டத்தக்கது.

எனினும் குறைகள் உண்டு. 2000-க்கு முற்பட்ட குறிப்புகள் சொற்பம் என்பதால், அவற்றை ஒன்றாகச் சேர்த்து அதையே தொடக்கப் புள்ளியாகக் கொள்கிறார்கள். அதற்கும் வெகு முன்பே ஓட்டு வீடு இடிந்து மாடி எழுந்த தெருவில் குருவி மறைந்திருந்தால், அந்த இழப்பு இக்கணக்கில் தெரியாது. பெரியவர்களின் நினைவை அறிக்கை மறுக்கவில்லை. அவர்கள் காலத்தை அது எட்டவே இல்லை. மேலும், பறவை பார்ப்போர் பள்ளிக்கரணைக்குப் போகும் அளவு நெரிசலான சந்துகளுக்கு வருவதில்லை. கைப்பேசி இல்லாதவர் கண்டதும் கணக்கில் சேர்வதில்லை.

கருவியும் முழுத் தீர்வு அன்று. ‘மெர்லின்’ செயலி குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும். ஆனால் பேருந்து ஒலிப்பான்களுக்கு நடுவே தவறவும் கூடும். அது சொல்வதைக் குறிப்பாகக் கொண்டு, கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. பார்த்தசாரதி கோயில் குளக்கரையில் 15 நிமிடம் நின்று, கண்டதையெல்லாம் எழுதினால் போதும். குருவி வராவிட்டாலும் பட்டியலை அனுப்புங்கள். அது இல்லாத பட்டியலும் ஒரு சாட்சியமே.