மறுமையச்சமும் மகன் கழுத்தும்: பிரேம்சந்த் சிறுகதையில் தந்தையின் கடன்

பிரேம்சந்தின் ‘ஒன்றேகால் சேர் கோதுமை’ என்னும் இந்திச் சிறுகதையை வட்டிக் கொடுமையின் சித்திரிப்பாக மட்டும் காண்பது போதாது. சாதுவுக்கு உணவிட வாங்கிய கோதுமை, ஏழாண்டுகளில் ஐந்தரை மணங்காக உயர்த்திக் கேட்கப்படுகிறது. மறுமையில் இறைவன்முன் தரநேரும் என்றஞ்சியே உழவன் சங்கர் பத்திரம் எழுதித் தருகிறான். இருபதாண்டு அடிமை உழைப்பிற்குப் பின்னும் 120 ரூபாய் எஞ்சியிருக்க, அவன் இறக்கிறான். மறுமையில் இருப்போர் தம் சுற்றத்தாரே எனச் செருக்கிய அந்தணர், அங்கு வழக்காட எண்ணவில்லை. மகனின் கழுத்தைப் பற்றுகிறார். ஆகவே, மறுமை என்பது இக்கதையில் நம்பிக்கையன்று. கடன் தண்டும் கருவி. கடனாளி இறந்ததும் அக்கருவி பயனற்றுப்போக, குருதியுறவு அதன் இடத்தைப் பெறுகிறது. மகனுக்கு வந்தது சொத்தன்று, தந்தையின் அடிமைநிலையே. வழியுரிமையாக வந்த கடப்பாட்டிற்கான உழைப்பையும் கொத்தடிமை என வரையறுத்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பல்லாண்டுகள் முன்பே, இக்கதை அவ்வநீதியை இனங்கண்டுள்ளது.