தலை அசையாத வேகம்

நீச்சல் போட்டிகளில் நான்கு வகை நீச்சல் உண்டு. மூன்றில் முகம் தண்ணீருக்குள் முங்கி முங்கி எழும். பேக்ஸ்ட்ரோக்கில் மட்டும், மல்லாந்து நீந்துகிறவரின் முகம் பந்தயம் முழுக்க நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். பதறுகிறாரா, களைத்துவிட்டாரா என்று கரையிலிருந்தே படித்துவிடலாம். அவருக்கோ, போய்ச் சேர வேண்டிய சுவர் தலைக்குப் பின்னால் இருக்கிறது. சுவருக்கு ஐந்து மீட்டர் முன்பாகக் குளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் கொடிகள் கண்ணில் பட்டதும், இன்னும் எத்தனை கைவீச்சு என்று எண்ணத் தொடங்குவார். அந்த எண்ணிக்கைதான் சுவரைக் காட்டும் கண். ஒன்று கூடினால் தலை சுவரில் இடிக்கும். ஒன்று குறைந்தால் பதக்கம் கைநழுவும்.

இந்த நீச்சலின் நயம் தெரிய வேண்டுமானால், ஹங்கேரியின் கிறிஸ்டினா எகெர்செகி நீந்திய பந்தயங்களைப் பார்க்க வேண்டும். புடாபெஸ்ட்டில் 1974 ஆகஸ்ட் 16 அன்று பிறந்தவர். குடும்பப் பெயரின் முதல் பாதி அவர்கள் மொழியில் எலியைக் குறிக்கும் சொல்போல ஒலிக்கும் என்பதால், நாடே அவரை ‘எகேர்கே’, அதாவது சுண்டெலி என்று செல்லமாக அழைத்தது. அவர் உடல்வாகுக்கும் அந்தப் பெயர் பொருந்தியது.

1988 சியோல் ஒலிம்பிக்குக்குப் போனபோது அவருக்குப் பதினான்கு வயது முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. எடை 45 கிலோ. 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் இறுதிப் போட்டியில் இறங்கிய மற்ற எவரும் அவரைவிட 19 கிலோவாவது கூடுதல். அந்த ஒலிம்பிக்கில் பெண்களுக்கான நீச்சல் போட்டிகள் 15. அவற்றில் பத்துத் தங்கம் கிழக்கு ஜெர்மனிக்குப் போனது. மூன்றை அமெரிக்காவின் ஜேனட் எவான்ஸ் வென்றார், ஒன்றை பல்கேரியாவின் தான்யா டங்கலகோவா. மிச்சமிருந்த ஒன்றே ஒன்று இந்தச் சிறுமிக்கு. கிழக்கு ஜெர்மனி அரசே தன் வீராங்கனைகளுக்குத் திட்டமிட்டு ஊக்கமருந்து கொடுத்து வந்ததைப் பின்னாளில் வெளிவந்த ஆவணங்கள் காட்டின. அந்தப் பின்னணியோடு பார்த்தால், 45 கிலோவின் கனம் இன்னும் கூடித் தெரிகிறது.

மூன்று நாள் முன்பு நடந்த 100 மீட்டரில் கிறிஸ்டின் ஓட்டோவுக்குப் பின்னால் அவர் வெள்ளி வாங்கியிருந்தார். மூன்றாவதாக வந்த கோர்னெலியா சிர்ஷை முந்தியது விநாடியில் நூறில் ஒரு பங்கில். 200 மீட்டரிலோ அந்த நெருக்கம் எதுவும் இல்லை. 2 நிமிடம் 9.29 விநாடியில், இரண்டாம் இடத்தை ஒரு விநாடிக்கு மேல் பின்தள்ளி வென்றார். தூரம் கூடக்கூட அவர் கை ஓங்குவதற்குக் காரணம் உண்டு. நூறு மீட்டரை உடல் வலிமையால் கொஞ்சம் இழுத்துப் பிடித்துவிடலாம். இருநூறு மீட்டரில் வீணாக்கும் ஒவ்வொரு அசைவுக்கும் கடைசி ஐம்பது மீட்டரில் வட்டியோடு கணக்குத் தீர்க்க வேண்டிவரும். எகெர்செகியிடம் வீணான அசைவு தேடினாலும் கிடைக்காது.

பதிவுகளை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் முதலில் கண்ணைப் பிடிப்பது அவர் தலை. தோள்கள் இடமும் வலமுமாகப் புரண்டுகொண்டே இருக்கும். இடுப்பு அதே தாளத்தில் உருளும். நடுவில் தலை மட்டும் நகராது. பேக்ஸ்ட்ரோக் கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் பாடம் இது. பலருக்கும் களைப்பு ஏறியதும் முதலில் மறந்துபோவதும் இதுதான். தலை ஆடினால் இடுப்பு வளைந்து, கால் தாழ்ந்து, உடல் தண்ணீரை உழத் தொடங்கிவிடும். எகெர்செகியின் தலை கடைசிச் சுவர்வரை அப்படியே இருக்கிறது.

அடுத்தது கை. கட்டைவிரல் முன்னே வரத் தண்ணீரிலிருந்து கிளம்பும் கை, வானத்தை நோக்கி நேராக எழுந்து, மேலே போகும் வழியிலேயே திரும்பி, சுண்டுவிரல் முதலில் படும்படி தலைக்கு மேலே இறங்கும். புறங்கையை அறைந்து இறக்கினால் காற்றுக் குமிழும் கூடவே உள்ளே போகும். குமிழைப் பிடித்து இழுத்தால் உடல் நகராது. இவர் கை இறங்கும் இடத்தில் தெறிக்கும் தண்ணீர் கொஞ்சம்தான். இறங்கிய கை உடனே முழங்கை மடங்கித் தண்ணீரைப் பற்றித் தொடைவரை தள்ளிவிட்டுத்தான் வெளியே வருகிறது. ஒரு கை தள்ளி முடிக்கும் நேரத்தில் மறு கை பற்றத் தொடங்கியிருக்கும். இடைவெளியில் வேகம் செத்துப்போக வாய்ப்பே தருவதில்லை.

கால்களைப் பார்த்தால் முழங்கால் வெளியே தெரியாது. விரல் நுனிகள் மட்டும் நீர்மட்டத்தைத் தொட்டுத் தொட்டுப் போக, அந்த இடம் உலைநீர் போலத் தளதளக்கும். சின்ன உடல் நீரில் உயரமாக மிதக்கிறது. பக்கத்துப் பாதைகளில் வருகிற பெரிய தோள்கள் தண்ணீரோடு மல்லுக்கட்டுவது இவரைப் பார்த்த பிறகுதான் மல்லுக்கட்டு என்றே நமக்கு உறைக்கிறது.

விதிகள் மாறியபோதும் இந்தத் திறமை குலையவில்லை என்பதை ரசிகர்கள் அடிக்கடி கவனிப்பதில்லை. சியோல் காலத்தில் மல்லாந்த நிலையிலேயே சுவரைக் கையால் தொட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். 1991இல் அந்தக் கட்டாயம் போனது. சுவரை நெருங்கும்போது குப்புறப் புரண்டு, குட்டிக்கரணம் அடித்துக் காலால் உதைத்துக் கிளம்பலாம் என்றானது. விநாடியின் நூறில் ஒரு பங்கை எண்ணும் விளையாட்டில் இது சின்ன மாற்றம் இல்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் உடம்பில் ஊறியிருந்த கணக்கை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். எகெர்செகி பழைய விதியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். புதிய விதியில் நான்கு வென்றார்.

அவர் கலை உச்சத்தைத் தொட்டது ஒலிம்பிக்கில் இல்லை, 1991 ஆகஸ்டில் ஏதென்ஸில் நடந்த ஐரோப்பியப் போட்டியில். 100 மீட்டரை 1 நிமிடம் 0.31 விநாடியில் நீந்தி, ஏழு வருடமாக நின்ற உலக சாதனையை உடைத்தார். சில நாள் கழித்து 200 மீட்டர். பழைய சாதனை அமெரிக்காவின் பெட்ஸி மிட்செல் 1986இல் எழுதிய 2:08.60. எகெர்செகி எழுதியது 2:06.62. கடிகாரத்தில் ஒரு விநாடியின் சில்லறைகளைப் பொறுக்கி முன்னேறுகிற விளையாட்டில், ஏறக்குறைய இரண்டு விநாடியை ஒரே மூச்சில் அள்ளிக்கொண்டு போனார். அப்போது அவருக்கு வயது பதினேழு. அந்தச் சாதனையை ஜிம்பாப்வேயின் கிர்ஸ்டி கவென்ட்ரி உடைத்தது 2008 பிப்ரவரியில். பதினாறரை ஆண்டுகள் அது நின்றது.

இன்றைய வீராங்கனைகள் ஒவ்வொரு சுவரிலிருந்தும் 15 மீட்டர்வரை நீருக்கடியில் டால்ஃபின் உதைப்பிலேயே போகிறார்கள். புறப்படும்போது கால் வழுக்காமல் இருக்கச் சுவரில் ஒரு தாங்கியும் தொங்குகிறது. அப்படியும் 2023இல் ஆஸ்திரேலியாவின் கெய்லி மெக்கியோன் நீந்திய உலக சாதனை 2:03.14. முப்பத்திரண்டு வருட முன்னேற்றம் எல்லாம் சேர்ந்து கொடுத்தது மூன்றரை விநாடி.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் எகெர்செகிக்கு மூன்று தங்கம். 100 மீட்டரில் இரண்டாவதாக வந்தவரும் ஹங்கேரிக்காரரே, துண்டே சபோ. 200 மீட்டரில் இரண்டு விநாடிக்கும் மேல் முன்னிலை. ஆனால் பார்சிலோனாவில் ரசிக்க வேண்டியது 400 மீட்டர் தனிநபர் மெட்லி. நான்கு நீச்சலும் வரிசையாக வரும் பந்தயம் அது. பட்டாம்பூச்சிக்கு அடுத்து பேக்ஸ்ட்ரோக், பிறகு மார்பு நீச்சல், கடைசியில் ஃப்ரீஸ்டைல். அவருக்குச் சொந்தமான வகை இரண்டாவது நூறிலேயே முடிந்துவிடும். மிச்சம் இருநூறு மீட்டரும் இன்னொருவர் வீட்டில் குடியிருப்பதுதான். சீனாவின் லின் லீயை 0.19 விநாடியில் தாண்டித் தொட்டார். மல்லாந்து நீந்துவதில் மட்டும் கைதேர்ந்தவர் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பதில். அடுத்த ஆண்டு ஷெஃபீல்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 200 மீட்டர் பட்டாம்பூச்சியையும் சேர்த்து நான்கு தங்கம் வாங்கினார்.

1994இல் ரோம் உலகப் போட்டியில் 200 மீட்டரில் சீனாவின் ஹே சிஹோங்கிடம் தோற்று வெள்ளியோடு திரும்பினார். அதன் பிறகும் அவர் நிற்கவில்லை; அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு வந்தார்.

1996இல் அவர் 100 மீட்டரில் இறங்கவே இல்லை. மெட்லி தொடர் நீச்சலில் ஹங்கேரிக்காக முதல் நூறு மீட்டரை நீந்தினாரே, அந்த நேரம் தனிப்போட்டியின் தங்கத்துக்கே போதுமானதாக இருந்தது. எனக்கு இது இழப்பாகத் தோன்றவில்லை. தனக்கு எது உரியது என்று தெரிந்தவரின் தேர்வு. 400 மீட்டர் மெட்லியில் வெண்கலம் வாங்கினார். முழு மனத்தையும் 200 மீட்டருக்கு வைத்தார்.

அந்த இறுதிப் போட்டியில் அவர் எடுத்துக்கொண்டது 2 நிமிடம் 7.83 விநாடி. இரண்டாம் இடத்தில் வந்த விட்னி ஹெட்ஜ்பெத்துக்கு 2:11.98. நடுவில் 4.15 விநாடி. இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையே இருந்ததோ பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பார்சிலோனாவில் தானே நீந்தியதைவிட முக்கால் விநாடி மெதுவாகத்தான் வந்திருக்கிறார் என்பது இன்னும் சுவையான செய்தி. சாதனை நேரம் எழுதாமலேயே மற்றவர்களை வேறொரு பந்தயத்தில் விட்டுவிட்டு வந்தார். நீச்சலில் ஒரே போட்டியை அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக்கில் வென்றவர் அதற்கு முன் ஆஸ்திரேலியாவின் டான் ஃப்ரேசர் மட்டுமே. தனிநபர் போட்டிகளில் ஐந்து ஒலிம்பிக் தங்கம் வென்ற நீச்சல்காரர், ஆண் பெண் இருபாலிலும், அதற்கு முன் எவரும் இல்லை. அத்தோடு ஓய்வு பெற்றார். வயது இருபத்தொன்று.

முதல் முறையாகப் பார்க்கிறவர்கள் அட்லாண்டாவிலிருந்து தொடங்குவது நல்லது. அருகில் யாரும் இல்லாததால் கண் போட்டியை விட்டுவிட்டு நீச்சலுக்கு வந்துவிடும். முதல் தடவை கைகளைப் பாருங்கள், இரண்டாம் தடவை தலையை. பிறகு சியோல் பந்தயத்தைப் போட்டால், இந்த இருபத்தொரு வயதுக்காரர் செய்த அத்தனையையும் அந்தப் பதினான்கு வயதுச் சிறுமி ஏற்கெனவே செய்துகொண்டிருப்பது தெரியும். இடைப்பட்ட எட்டு வருடத்தில் உடல் வளர்ந்தது, விதி மாறியது, எதிராளிகள் மாறினார்கள். நீச்சல் மாறவில்லை, மாற்றித் திருத்த அதில் எதுவும் இருக்கவில்லை.