உருமாற்றமும் அமைப்பும்: ஆனந்த குமாரசுவாமி பற்றி ஒரு குறிப்பு

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வின் பணிப்பாளராயிருந்த ஆனந்த குமாரசுவாமியை நாம் கலை விமர்சகராகவே அறிவோம். அவர் கற்ற மலைநாட்டுப் பாறைகள் விமர்சகனுக்கும் ஒரு பாடத்தை வைத்துள்ளன.

சிலேற்றுப்பாறையிற் போலவே வலப்பனைப் பகுதிப் பாறைகளிலும் உருமாற்றமும் அமைப்பும் ஒரே இயக்கத்தின் இரு முகங்கள். ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்கு முன் படைகளை மடித்த அமுக்கமே, வெப்பத்துடன் கூடிக் கனியங்களையும் புதிதாக்கி வரிசைப்படுத்திற்று. மலைநாட்டுச் சுண்ணாம்புப் படிவு சலவைக்கல்லானது அவ்வாறே.

1908இல் வெளியான அவரது 'மத்தியகாலச் சிங்களக் கலை' கண்டியக் கைவினைகளை அரிய முறையில் ஆவணப்படுத்தியது. குடியேற்ற ஆட்சி அவற்றைச் சிதைத்தமையையும் சுட்டியது. ஆயினும் மரபு அங்கு காக்கப்படவேண்டிய பொருளாக நின்றதேயன்றி, அமுக்கத்தில் உருமாறும் பொருளாகவில்லை. அதே மலைகளில் தோட்டமுறை தென்னிந்தியக் கிராமத்தவரைக் கூலித் தொழிலாளராக்கிக்கொண்டிருந்தது. லயன் அறையும் கங்காணி முறையும் அவ்வமுக்கம் ஈன்ற அமைப்புகள். அவர்தம் வாய்மொழிப் பாடல்கள் அதில் உருமாறிய மரபு.

2007 சனவரியில் வலப்பனையில் மண் சரிந்து உயிர்கள் மாண்டன. 'இயற்கையின் சீற்றம்' என்பது பாதி விளக்கமே. சரிவு எங்கு நிகழும் என்பதில் பாறையமைப்புக்குப் பங்குண்டு. அச்சரிவின்கீழ் எவர் குடியிருப்பர் என்பதைத் தீர்மானிப்பது சமூக அமைப்பு. மலையக இலக்கிய விமர்சனம் இவ்விரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும் என்பது நமது கருத்து.